டி.வி. பெட்டியும் சேரி வாசலும்

கொடைக்கானலின் வரலாறு என்று எழுதிவைத்திருப்பதை எடுத்துப் படித்தால் எல்லாமே மலைக்கு வந்தவர்களின் வரலாறாகத்தான் இருக்கும். 1821இல் வார்டு என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி மலையை அளக்க வந்தார். 1845இல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1863இல் லெவிஞ்சு துரை ஏரியை உண்டாக்கினார். 1901இல் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. 1914இல் மலைப்பாதை போட்டு முடித்து, 1916இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். தேதிக்குக் குறைவே இல்லை.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அந்தப் பக்கங்களில் பதில் தேடவேண்டியிருக்கிறது. 1845க்கும் 1914க்கும் நடுவில் எழுபது வருசம். வண்டி ஏறும் ரோடே இல்லாத மலை. ஏழாயிரம் அடி உயரத்தில் இருந்த பங்களாக்களுக்குக் கட்டிலும் மேசையும் கண்ணாடியும் மாவு மூட்டையும் எப்படி வந்தன?

தலையில் வந்தன. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில், அதாவது இப்போதைய கொடைக்கானல் ரோட்டில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்துப் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அங்கிருந்து மேலே நடைபாதைதான். துரைமாரும் துரைசாணிகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்துகொள்ள, ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சாமான்கள் தனியாகத் தலைச்சுமையில் வந்தன. அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் பெயர். பாதைக்குப் பெயர் கிடைத்தது, ஏறின ஆளுக்குக் கிடைக்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, என்ன பெயர், எத்தனை பேர் வழுக்கி விழுந்தார்கள் என்பதெல்லாம் 'கூலி' என்ற ஒரே சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது.

நான் எழுத வந்தது ஒரு டி.வி. பெட்டி பற்றி. ஆன்லைனில் வாங்கி, லாரியில் வந்து, வேனில் ஏறி, வில்பட்டிப் பக்கம் நான் குடியிருக்கும் காலனிக்கு வந்து சேர்ந்த பெட்டி. டி.வி. வாங்குவதெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்கலாம். ஒரு பொருள் ஒரு சேரி வாசலுக்கு வந்து சேர்வது நமக்கு எப்போதும் காசு சம்பந்தப்பட்ட விசயமாக மட்டும் இருந்ததில்லை. அந்தப் பொருள் உள்ளே வரலாமா, யார் தூக்கி வருவது, எந்த வாசல்வரை வரும், வந்த பிறகு உடையாமல் இருக்குமா என்ற நாலு கேள்வியும் கூடவே வந்திருக்கின்றன. அந்த நாலு கேள்வியின் வழியாகத்தான் இந்தப் பெட்டி வந்த பாதையைப் பார்க்க விரும்புகிறேன்.

1

முதல் கேள்வி, பொருள் உள்ளே வரலாமா என்பது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன்னும் வெள்ளியும் போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் மேலே துணி போடக்கூடாது. பூ, மஞ்சள் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக்கூடாது, சொந்த நிலத்தை மிராசுதாருக்கு விற்றுவிட வேண்டும் என்பதெல்லாம் அதில் சேர்ந்துகொண்டன. ஹட்டன் தன் சாதி பற்றிய புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தலித் இயக்கக் கூட்டங்களில் பலமுறை பேசப்பட்ட பட்டியல்தான். ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். இது ஒரு கடைப் பட்டியல். பித்தளைக் குடம், குடை, செருப்பு, சட்டை. 1930இல் சந்தையில் காசு கொடுத்தால் கிடைத்த பொருட்கள். சேரியில் சிலரிடம் காசும் இருந்தது. அதனால்தான் தடை வந்தது. கையில் காசே இல்லாதவனுக்குத் தடை போடவேண்டிய அவசியம் என்ன?

அம்பேத்கரும் இதைக் கண்டு சொன்னார். 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அவர் எடுத்துவைத்த உதாரணங்கள் எல்லாம் இப்படிப்பட்டவைதான். குஜராத்தில் ஒரு ஊரில் தீண்டப்படாத பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காக அடிபட்டார்கள். சக்வாரா என்ற ஊரில் விருந்தில் நெய் பரிமாறியதற்காக, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை சாதி இந்துக்கள் தடியோடு வந்து அடித்தார்கள். சொந்தக் காசில் வாங்கிய நெய். நெய் யாருடைய சொத்து என்பதல்ல அங்கே பிரச்சினை, யாருடைய இலையில் விழுந்தது என்பதுதான்.

இந்தப் பழனி மலைக்கும் அதே கணக்கு உண்டு. மலையில் முதலில் இருந்த புலையர்கள் பின்னால் வந்து நிலம் பிடித்த குன்னுவர்களுக்குப் பண்ணையடிமைகளைப்போல உழைத்ததை வெள்ளைக்காரர்கள் எழுதிய மாவட்டக் குறிப்புகளே சொல்கின்றன. அடிமையிடம் என்ன பொருள் இருக்கும்? அரிவாளும் மண்சட்டியும் கம்பளியும். மலை உச்சியில் பங்களாவுக்குப் பங்களா கண்ணாடி ஜன்னல் வந்துகொண்டிருந்தபோது, அதைத் தூக்கி வந்தவர்கள் வீட்டுக்கு ஜன்னலே கிடையாது.

2

இனி டி.வி.க்கு வருகிறேன்.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. தென்மாவட்டங்களுக்கு அது எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, இங்கே பணம் இருந்தவர்கள் மொட்டைமாடியில் நெட்டுக்குத்தாகக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டி இலங்கைப் படம் பார்த்தார்கள். எண்பதுகளில் கொடைக்கானல் மலையிலேயே தூர்தர்ஷனின் பெரிய ஒளிபரப்புக் கோபுரம் வந்தது. மதுரை, திண்டுக்கல், தேனி என்று கீழே இருந்த சீமை முழுக்க இந்த மலையிலிருந்துதான் படம் போனது.

நான் பிறந்தது மலையடிவாரத்தில் ஒரு ஊர். பெயர் இங்கே வேண்டாம். அந்த ஊருக்கு டி.வி.க்கு முன்னால் வந்தது ரேடியோ. அதுவும் எங்கள் தெருவுக்கு வந்த விதம் வேறு. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, தேயிலைத் தோட்டங்களில் நாலு தலைமுறையாக உழைத்த சனங்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக ஆனது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி நம்ம சனங்கள்தான், பள்ளரும் பறையரும். அதில் கணிசமான பேர் கொடைக்கானல் மலைக்கு வந்து கூப்புகளில் மரம் வெட்டினார்கள், பட்டை உரித்தார்கள், காண்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்கி மீளமுடியாமல் கிடந்தார்கள். அவர்களில் ஒரு குடும்பம் எங்கள் உறவு. டிரங்குப் பெட்டிக்குள் சேலைக்கு நடுவில் சுற்றி ஒரு ரேடியோ கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் தெருவில் முதலில் பேசிய பெட்டி அதுதான்.

இரண்டாவது, சின்னய்யா வி.பி.பி.யில் வரவழைத்த டிரான்சிஸ்டர். பத்திரிகைகளில் விளம்பரம் வரும். கார்டு எழுதிப் போட்டால் டெல்லியிலிருந்தோ எங்கிருந்தோ பார்சல் வரும். தபால்காரரிடம் காசு கொடுத்துவிட்டுப் பொருளை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு 'கேஷ் ஆன் டெலிவரி' என்று சொல்வதற்கு அப்பன் அதுதான். சின்னய்யா கார்டு போட்டு நாற்பது நாள் காத்திருந்தார். எங்கள் ஊரில் தபால்காரர் சேரிக்குள் வரமாட்டார். லெட்டர் வந்தால் ஊர்ச் சாவடியில் யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் போவார். அது கைமாறிக் கைமாறி வரும், வராமலும் போகும். பார்சல் வந்த அன்றைக்கு சின்னய்யா சாவடிக்குப் போயிருக்கிறார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன்டா, ஒனக்கெதுக்குடா ரேடியோ? கம்மாயில பாட்டுக் கேக்கவா?" என்று கேட்டிருக்கிறார். சின்னய்யாவுக்கு அப்போது நாற்பது வயசுக்கு மேல். கேட்டவருக்கு இருபத்தைந்து இருக்கும். காசைக் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சாகிறவரைக்கும் அந்த ரேடியோவை அவர் சத்தமாக வைத்து நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் ரேடியோவுக்கும் டி.வி.க்கும் லைசன்ஸ் வேறு உண்டு. எண்பதுகளின் நடுவில்தான் எடுத்தார்கள். போஸ்டாபீசில் பேரையும் விலாசத்தையும் சொல்லிப் பணம் கட்டவேண்டும். விலாசம் என்றாலே நமக்கு அப்போதிலிருந்தே ஒரு நடுக்கம்தான்.

பிறகு ஊருக்குப் பொது டி.வி. வந்தது. பஞ்சாயத்துப் பணத்தில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. சாவடியை ஒட்டி ஒரு சின்ன அறை கட்டிப் பூட்டுப் போட்டு வைத்தார்கள். சாயங்காலம் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம். 1987இல் ராமாயணம் வந்தபோது ஞாயிறு காலையிலும் திறந்தார்கள். பொது டி.வி. என்றுதான் பேர். ஊர்ப் பிள்ளைகள் அறைக்கு முன்னால் சிமெண்டுத் தளத்தில் உட்காருவார்கள். நாங்கள் தளத்துக்குக் கீழே மண்ணில், அதுவும் ஒரு ஓரமாக. முன்னால் ஒரு பெரிய தலை வந்தால் படம் மறையும். "தள்ளு" என்று சொல்ல முடியாது. மழை வந்தால் தளத்துக்காரர்கள் அறைக்குள் போவார்கள், நாங்கள் வீட்டுக்குப் போவோம். ராமாயணத்தில் பாதியை நான் பார்க்கவில்லை என்றால் அதற்குக் காரணம் பக்திக் குறைவு அல்ல, மழை.

பொதுக் கிணறு, பொது மயானம், பொது டி.வி. எல்லாம் ஒரே இலக்கணம்தான். 'பொது' என்ற சொல் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால்தான் சொந்தமாக ஒரு பெட்டி வாங்குவது என்பது சேரியில் ஆடம்பரமாக இருந்ததில்லை. முன்னால் இருக்கிற தலையை "தள்ளு" என்று சொல்கிற உரிமையை விலை கொடுத்து வாங்குவதாக இருந்தது. டி.வி. கேளிக்கைப் பெட்டி, அது மக்களை மழுங்கடிக்கிறது என்று அறிவாளிகள் கட்டுரை எழுதியபோதெல்லாம் எனக்கு அந்தச் சிமெண்டுத் தளம்தான் ஞாபகம் வந்தது. மழுங்கடிக்கட்டும், முதலில் உட்கார இடம் கிடைக்கட்டும் என்று தோன்றியது.

3

பெட்டியைக் கடல் கடந்து கொண்டுவந்த கதையும் நமக்கு உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். வெயிலில் கட்டடம் கட்டிச் சம்பாதித்துக் கலர் டி.வி.யும் டேப்ரிக்கார்டரும் வாங்கி வந்தார்கள். பண்ணையார் வீட்டுக் கூலியை நம்பியிராத சேரிகள் அப்படித்தான் தலைநிமிர்ந்தன. அன்றைய சிதம்பரனார் மாவட்டத்தில், இப்போதைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் கொடியன்குளம் அப்படிப்பட்ட ஊர்.

1995 ஆகஸ்டு 31 அன்று அந்த ஊருக்குள் போலீஸ் படை புகுந்தது. அறுநூறு பேர் என்று பதிவாகியிருக்கிறது. ஆட்களைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அடி விழுந்தது டி.வி.க்களுக்கு, மின்விசிறிகளுக்கு, டேப்ரிக்கார்டர்களுக்கு, தையல் மிஷின்களுக்கு. பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வெளிநாடு போக வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளையும் கொளுத்தினார்கள். குடிதண்ணீர்க் கிணற்றைப் பாழாக்கினார்கள். குற்றவாளியைத் தேடுகிறவன் டி.வி.யை ஏன் உடைக்கிறான்? இந்த வீட்டில் இது இருக்கக்கூடாது என்று நினைக்கிறவன்தான் உடைப்பான். 1930இல் எட்டுத் தடைகளாக வந்த அதே உத்தரவு, 1995இல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு லத்தியோடு வந்தது. இன்றைக்கு மாரி செல்வராஜின் 'கர்ணன்' படம் வழியாக இளம்பிள்ளைகள் அந்த நாளைக் கொஞ்சம் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

2012 நவம்பர் 7இல் தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் நடந்ததும் அதுதான். ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து 268 வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். பெங்களூருக்குப் போய் உழைத்துக் கட்டிய வீடுகள், வாங்கிய சாமான்கள். பீரோவை உடைத்து நகையை எடுத்த பிறகும் டி.வி.யை உடைத்திருக்கிறார்கள், வண்டியைக் கொளுத்தியிருக்கிறார்கள். திருடனுக்கு டி.வி. தூக்கிப் போகிற பொருள். உடைத்துவிட்டுப் போகிறவனுக்கு அது தன் கௌரவத்துக்கு வந்த அவமானம். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் சாதியைப் பற்றிப் பாதி புரிந்ததாக அர்த்தம்.

4

2006 சட்டமன்றத் தேர்தலில் வீட்டுக்கு ஒரு கலர் டி.வி. இலவசம் என்று தி.மு.க. அறிவித்தது. ஆட்சிக்கு வந்தது. அந்த வருசம் செப்டம்பர் 15இல் முதல் கட்டமாக முப்பதாயிரம் பெட்டிகள் கொடுத்தார்கள். எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. முதல் பட்ஜெட்டில் 750 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 14 அங்குலப் பெட்டிகள். 2011இல் ஆட்சி மாறும்வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

நாடே சிரித்தது. சோம்பேறித்தனம், பிச்சை, ஓட்டுக்கு லஞ்சம் என்று எழுதினார்கள். கேபிள் தொழில் யார் கையில் இருக்கிறது, பெட்டியைக் கொடுத்துவிட்டு மாதா மாதம் காசு வாங்குகிறவர் யார் என்ற கேள்வி நியாயமான கேள்விதான். அதை நானும் கேட்பேன். வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. 2013 ஜூலை 5இல் வந்த தீர்ப்பில், இப்படிப்பட்ட வாக்குறுதி தேர்தல் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று சொல்லி, தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டார்கள்.

சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நம் குடிசைகளுக்கு அரசு கொடுத்த இலவச மின் இணைப்பில் 40 வாட்ஸ் பல்பு ஒன்று மட்டும்தான் அனுமதி. ஒரு விளக்கு, அவ்வளவுதான். குடிசைக்காரனுக்கு வெளிச்சம் போதும், வேறெதுவும் தேவைப்படாது என்பதுதான் அந்த விதியின் அர்த்தம். இலவச டி.வி. வந்த பிறகுதான் டி.வி.க்கும் அதில் இடம் விட்டு விதியைத் திருத்தினார்கள். ஒரு பெட்டி உள்ளே வந்து அரசாங்கத்தின் கணக்கைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. ரேஷன் கார்டைக் காட்டி வரிசையில் நின்று வாங்கின பெட்டி. ஊர்க்காரருக்கும் அதே 14 அங்குலம், சேரிக்காரருக்கும் அதே 14 அங்குலம். எங்கள் ஆத்தா அந்தப் பெட்டியைத் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கிழங்கு மூட்டையைத் தூக்கின தலை. வழியில் ஒருவர், "என்ன, ஓசிப் பெட்டியா?" என்று கேட்க, ஆத்தா நின்று, "ஆமாய்யா, ஒங்க வீட்டுல இருக்கே, அதே பெட்டிதான்" என்று சொல்லியிருக்கிறது. இந்தப் பதிலைச் சொல்ல சின்னய்யாவால் முடியவில்லை. ஆத்தாவால் முடிந்தது. நடுவில் முப்பது வருசம் போயிருக்கிறது.

5

இப்போது என் வீட்டுக்கு வந்த பெட்டி.

வில்பட்டி, கொடைக்கானல் டவுனுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளிச் சரிவில் இறங்குகிற பழைய மலையூர். கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பேரி, பிளம்ஸ், பூண்டு விளைகிற மண். 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது இந்த மலைப்பூண்டு. நான் சொல்கிற காலனிக்கு மெயின் ரோட்டிலிருந்து படி இறங்கித்தான் போகவேண்டும். வண்டி வராது.

டவுனில் கடை இல்லாமலா ஆன்லைனில் போட்டாய் என்று ஆத்தாவும் கேட்டது. கடைக்குப் போனால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கடைக்காரர் முதலில் விலை சொல்லமாட்டார். "எந்த ஊருப்பா? ஊருல எந்தப் பக்கம்?" என்று கேட்பார். பதிலைப் பொறுத்து நாற்காலி வரும் அல்லது வராது. தவணைக்கு வேண்டும் என்றால் ஜாமீனுக்கு ஆள் யார் என்பார். செல்போன் திரை அதைக் கேட்பதில்லை. எந்தப் பெட்டியைத் தொட்டாலும் ஒரே விலையைக் காட்டுகிறது. 2007இல் பிளிப்கார்ட்டு புத்தகம் விற்கத் தொடங்கி, 2010இல் பொருள் கைக்கு வந்த பிறகு காசு என்ற முறையைக் கொண்டுவந்து, 2013இல் அமேசானும் இந்தியாவில் கடை விரித்த பிறகு, முகத்தைக் காட்டாமல் பொருள் வாங்குகிற வசதி மலைக்கும் வந்துவிட்டது. தலித்துகளுக்குச் சந்தை விடுதலை தரும் என்று சொல்கிற நம் நண்பர்கள் சிலர் இதைத்தான் காட்டுகிறார்கள். முகம் தெரியாத சந்தையில் சாதி தெரியாது என்கிறார்கள்.

பாதி உண்மை. திரை சாதி கேட்காது. ஆனால் விலாசம் கேட்கும்.

பெயர், வீட்டு எண், தெரு, அடையாளம், பின்கோடு. 1972இல் வந்த பின்கோடு கொடைக்கானலுக்கு 624101. அந்த ஆறு எண்ணில் ஏரிக்கரை ஓட்டலும் உண்டு, எங்கள் படிக்கட்டும் உண்டு. அதற்கு மேல் போனால்தான் சிக்கல். எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒழுங்கான எண் இல்லை. தெருவுக்குப் பெயர் 'காலனி'. தமிழ்நாட்டில் 'காலனி' என்று எழுதினால் அது வெறும் இடமல்ல, சாதிச் சான்றிதழ் என்று யாருக்குத் தெரியாது? முதல் தடவை ஆர்டர் போட்டபோது ரெண்டு நாளில் தானாக ரத்தானது. டெலிவரி செய்ய முடியாத இடம் என்று செய்தி வந்தது. இரண்டாவது தடவை பெட்டி டவுன்வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து போன், "சார், உங்க ஏரியாவுக்கு வண்டி வராது, இங்க வந்து எடுத்துக்கிறீங்களா?" வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருக்கிறீர்கள் என்று நான் சொன்னேன். மூன்று நாள் இழுத்தது. அதே மூன்று நாளில் எங்களுக்கு மேலே, அதே ரோட்டில், வெளியூர்க்காரர்களின் தங்கும் விடுதிக்குக் குளிர்பெட்டி வந்து இறங்குவதைப் பார்த்தேன்.

நாலாவது நாள் ஒரு பையன் வேனோடு வந்தான். போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, மேப்பு டீக்கடையோட நின்னுபோச்சு. கீழ எப்படி வர்றது?"

"படி இருக்கு தம்பி. வண்டி எறங்காது. நில்லு, வர்றேன்."

"நீங்க வாங்கண்ணே, ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம். இது 43 இஞ்சு, படுக்க வச்சுத் தூக்கக்கூடாது. பேனல் விட்டுரும். நிமுத்தித்தான் கொண்டுபோகணும்."

இறங்கினோம். ஒரு கை பெட்டியில், ஒரு கை வேலியில். நடுவில் ஓ.டி.பி. எண் வரவேண்டும் என்று சிக்னல் தேடி மறுபடி மேலே ஏறி நின்றது ஒரு தனிக்கதை. வாசலில் பெட்டியைப் பிரித்து, கண்ணாடி உடையவில்லை என்று காட்டி, போட்டோ எடுத்துக்கொண்டான். டீ குடிக்கும்போது எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னான். அதுவும் ஒரு காலனிதான். நம்ம பையன். பி.காம். முடித்திருக்கிறான். பார்சலுக்கு இத்தனை என்று கணக்கு, மாதச் சம்பளம் கிடையாது. இந்தப் படியில் இறங்கி ஏறின அரைமணி நேரத்துக்குத் தனியாக எதுவும் கிடையாது. "ரோட்டோட இருக்கிற வீட்டுக்கும் அதே காசு, இங்கயும் அதே காசுண்ணே. அதான் ஆளுக வேண்டாம்னு ரிட்டன் போட்டுர்றாங்க" என்றான். முந்தின மூன்று நாள் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

6

இதை எப்படிப் பார்ப்பது?

தூக்குகிற ஆள் மாறவில்லை என்று சொல்லிவிட்டால் பேசுவதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஏறினவர்களுக்கும் இந்தப் பையனுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அவர்கள் தூக்கிய பொருள் ஒருநாளும் அவர்கள் தெருவுக்குப் போனதில்லை. இவன் தூக்கி வந்தது நம் வாசலுக்கு. இந்த வித்தியாசம் சும்மா வரவில்லை. குடை பிடித்து அடிவாங்கியவர்கள், உலோகக் குடம் தூக்கியதற்கு அடிபட்ட பெண்கள், கொடியன்குளத்தில் உடைந்த டி.வி.க்குப் பதில் இன்னொன்று வாங்கி வைத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கொண்டுவந்தது. சந்தை கொடுத்த கொடை என்று இதைச் சொல்கிறவர்கள் இந்த மனிதர்களை மறைக்கிறார்கள்.

அதே சமயம் நாம் பொருள் வாங்குகிறவர்களாக ஆனதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. சாதி கடையிலிருந்து கிளம்பிப் போய் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறது. தார் ரோடு எங்கே முடிகிறது, தெருவிளக்கு எந்தக் கம்பத்தோடு நிற்கிறது, வீட்டு எண் எந்தத் தெருவரைக்கும் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் மூன்றும் ஒரே இடத்தில் முடியும். கம்பெனியின் மேப்பு அந்த இடத்தில் நிற்பதற்குக் கம்பெனிக்காரன் சாதி பார்த்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே பார்த்துப் போட்ட ரோட்டை அது அப்படியே நகல் எடுத்திருக்கிறது. டி.வி.க்கு ஆன கதிதான் ஆம்புலன்சுக்கும் கேஸ் சிலிண்டருக்கும். பெட்டி மூன்று நாள் தாமதமானால் படம் பார்ப்பது தள்ளிப்போகும். ஆம்புலன்ஸ் மேலே ரோட்டில் நின்றால் பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இதே படியில் ஏறவேண்டும். ஏறியிருக்கிறோம்.

2025 ஏப்ரல் 29இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் வசைச் சொல்லாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்றார். வரவேற்கவேண்டிய அறிவிப்பு. பல வருசமாக நம் இயக்கங்கள் கேட்டதுதான். ஆனால் புதிய பெயரை யார் வைப்பது? கிராமசபையில் நாம் உட்கார்ந்து நாமே முடிவு செய்யவேண்டும். அம்பேத்கர் பெயரோ இமானுவேல் சேகரன் பெயரோ, மலையில் சுமை தூக்கின ஒரு கிழவியின் பெயரோ, அது நம் தெருவின் தீர்மானமாக இருக்கவேண்டும். பெயரோடு வீட்டு எண்ணும் வரவேண்டும். எண்ணோடு ரோடும் வரவேண்டும். ரோடு வராமல் பெயரை மட்டும் மாற்றினால் அந்தப் புதிய பெயரும் பத்து வருசத்தில் 'காலனி' என்ற அர்த்தத்துக்கே போய்ச் சேரும்.

பார்சல் தூக்குகிற பையன்களையும் இதோடு சேர்த்துத்தான் பேசவேண்டும். 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு ஒரு நலவாரியம் அமைத்தது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் பதிந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் விசாரிக்கவேண்டும். மலைப்பாதைக்கும் படிக்கட்டுக்கும் தனிக் கூலி என்பது சங்கம் வைத்துக் கேட்கவேண்டிய கோரிக்கை. அந்தப் பையனுக்குக் கூலி சரியாகக் கிடைத்தால்தான் நம் வாசலுக்குப் பொருளும் சரியாக வரும்.

இந்த இதழை வாசிக்கிற மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் தெருவில் முதல் சைக்கிள், முதல் ரேடியோ, முதல் டி.வி. எப்போது வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். யார் வாங்கினார்கள், காசு எங்கிருந்து வந்தது, எந்த வழியாகத் தூக்கி வந்தார்கள், வழியில் யார் என்ன கேட்டார்கள், அதை யாராவது உடைத்தார்களா என்று கேளுங்கள். கெசட்டியரில் இதெல்லாம் கிடைக்காது. சொல்லக்கூடிய வாய்கள் இன்னும் கொஞ்ச வருசம்தான் நம்மோடு இருக்கும்.